ஆம்ப்ளிஃபையரின் முதுகு

பிரேம்நாத் கதவைத் திறந்ததே சாத்துவதற்காகத்தான். ஒரு கை தாழ்ப்பாளை விடவில்லை. இன்னொரு கையில் செல்போன். திரையில் காவல் நிலைய எண் தயாராக இருந்தது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி. அதற்குக் கீழே, பொருளைப் பறிகொடுத்தவர் ஊருக்குக் காட்டவேண்டிய முகம். இரண்டு நாள் பழக்கத்தில் நன்றாகவே படிந்திருந்தது.

“கதிர்வேல் அனுப்பின ஆளுங்கதானே? பொட்டியோட வந்திருந்தா உள்ள வாங்க. வெறுங்கையோட வந்திருந்தா அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம்.”

மணி மூன்றே கால்.

ஏலவார்குழலி கையை விரித்துக் காட்டவுமில்லை, மறைக்கவுமில்லை. காஞ்சிபுரத்தின் ஒரே பெண் துப்பறிவாளர் என்று அவளுடைய விசிட்டிங் கார்டு சொல்லும். ஊரில் துப்பறிவாளரே அவள் ஒருத்திதான் என்பதைத் தன்னடக்கம் கருதி அது சொல்வதில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் புடவைகளின் தரம் பார்த்தவள். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளைகளின் தரம் பார்க்கிறாள். புடவைகள் தேவலை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

அவளுக்குப் பின்னால் ஒரு படி கீழே நின்றவன் கமல். முப்பத்தொரு வயது, உதவியாளன். முன்பு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வாடிக்கையாளர்களிடம் உண்மை பேசியே அதை மூடினான்.

வழக்கு எளிமையானது. அதனால்தான் ஊர் அதற்குள் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. பிள்ளையார்பாளையத்துக் கதிர்வேல் வீடு வீடாகப் போய் கேமராவும் இன்டர்நெட் ஒயரும் மாட்டித் தருகிறவன். வியாழக்கிழமை முதன்முறையாக பிரேம்நாத்தின் வீட்டுக்கு வந்தான், ஒயர் மாற்றினான், போனான். வெள்ளிக்கிழமை காலை பிரேம்நாத்தின் இசை அறையிலிருந்து விலையுயர்ந்த ஒரு பெட்டியைக் காணோம். பத்து மணிக்குள் பட்டு வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில், வாசல் கேமராவில் பதிவான கதிர்வேலின் படம், பெயர், போன் நம்பரோடு வந்துவிட்டது. கையில் ஒரு துணிப் பையுடன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியேறுகிற படம். மேலே ஒரே சொல்: திருடன். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

அன்று மாலைக்குள் மூன்று வீடுகள் கதிர்வேலை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஏற்கெனவே அவன் கேமரா மாட்டிய ஒரு வீட்டில் பூட்டை மாற்றினார்கள். அவன் மனைவி புவனேஸ்வரியின் தறிக்கு ஒரு முதலாளி நெய்யக் கொடுத்திருந்த பாவு நூலை, ஆள் அனுப்பித் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதே கதிர்வேலின் தொழில். அதை இனிமேல் யார் வீட்டில் செய்வது என்று கேட்கத்தான் அவன் ஏலவார்குழலியிடம் வந்தான். இப்போது கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே விடமாட்டேன் என்று பிரேம்நாத் போனிலேயே சொல்லியிருந்தார்.

“பொட்டியைத் தேடி வரல சார்,” என்றாள் ஏலவார்குழலி. “உங்க மியூசிக் ரூமைப் பத்திச் சொன்னாங்க. மெட்ராஸ்லயே அப்படி ஒரு செட்டு கிடையாதாமே.”

தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது. சந்தேகம் அப்படியே இருந்தது, வெறுப்பும் அப்படியே இருந்தது. ஆனாலும் கை இறங்கிவிட்டது.

“செருப்பை வெளிய விடுங்க,” என்றார். “அந்தாளு எதையும் தொடக்கூடாது.”

“மூச்சு விடலாமா சார்?” என்று கேட்டுக்கொண்டே கமல் செருப்பைக் கழற்றினான்.

*

இசை அறையில் நாலு சுவரிலும் அரக்கு நிறப் பட்டு ஒட்டியிருந்தது. எதிரொலியைக் குடிப்பதற்காம். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை நடத்திய குடும்பத்திலிருந்து வந்து, காந்தி ரோட்டில் மூன்று மாடிப் பட்டுக்கடை கட்டிய பிரேம்நாத்துக்கு, பட்டை உடுத்துவதைத் தவிர வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதில் நல்ல கற்பனை உண்டு.

அறையின் நடுவே ஒரே ஒரு தோல் நாற்காலி. நல்ல ஒலி என்பது அறையில் ஒரே ஒரு புள்ளியில்தான் வந்து சேரும், அந்தப் புள்ளியில்தான் நாற்காலி இருக்கிறது என்று பிரேம்நாத் விளக்கினார். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கமல் கேட்டான். மற்றவர்கள், அவர் கேட்பதைப் பார்ப்பார்கள்.

“அப்ப வீட்டுக்காரம்மா எங்க உக்காருவாங்க?”

“அவளுக்கு இதெல்லாம் புரியாதுப்பா.”

எதிரே சக்கரம் வைத்த கருங்கல் அடுக்கு. மேல் தட்டில் சிகரெட் பெட்டி மாதிரி ஒரு சின்ன ஸ்ட்ரீமர். கீழ்த் தட்டில் ஆம்ப்ளிஃபையர். நடுத் தட்டு காலி. அந்தக் காலியிடத்தின்மேல் ஒரு குட்டி விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

“மாலை கீலை போடலியா சார்?” என்றான் கமல்.

பிரேம்நாத் அவனைப் பார்க்காமல் ஏலவார்குழலிக்கு மட்டும் பாடம் எடுத்தார். இன்டர்நெட்டில் பாட்டு, பாட்டாக வருவதில்லை, எண்களாக வருகிறது. ஸ்ட்ரீமர் அந்த எண்களை வாங்கி ஒரு ஒயரில் அனுப்பும், அவ்வளவுதான். எண்ணைப் பாட்டாக மாற்றுவது கன்வெர்ட்டர். ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறதுதான். ஆனால் அது கல்யாண மண்டபத்துக் காபி மாதிரி. ஆயிரம் பேருக்குப் போட்டது. களவு போனதோ தனிக் கன்வெர்ட்டர். ஜெர்மனியில் ஒருவர் ஒவ்வொன்றாகக் கையால் செய்வது. ஆனந்தராஜ் வரவழைத்துக் கொடுத்தார். பதினோரு கிலோ, இறக்கிவைக்க இரண்டு ஆள் வந்தார்கள்.

ஆனந்தராஜ் என்பவர் சென்னையிலிருந்து வருகிற ஒலி ஆலோசகர். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பது ஏலவார்குழலிக்கு அன்றுதான் தெரிந்தது. போன சித்திரையில் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டிவிட்டு, பெட்டியை யாரும் தொடக்கூடாது, தொட்டால் அதிர்வு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பத்து மாதமாக பிரேம்நாத்தும் தூசிகூடத் தட்டவில்லை. இந்த ஊரில் ஆனந்தராஜுக்கு மேலும் சில சிஷ்யர்கள் உண்டு.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை சென்னை ரசிகர் மன்றத்துலேர்ந்து பன்னெண்டு பேர் வராங்க,” என்றார் பிரேம்நாத். “பொட்டியோட ஒரு தடவ, பொட்டி இல்லாம ஒரு தடவ, ஒரே ராகத்தைக் கேக்கிறதா இருந்தது. இப்ப துக்கம் கேக்க வராங்க.”

“இப்ப பாட்டு எப்படி வருது சார்?” என்று கேட்டாள் ஏலவார்குழலி.

“நேத்து காலைல நானே என் கையால ஸ்ட்ரீமரை நேரா ஆம்ப்ளிஃபையர்ல மாட்டினேன். ஆம்ப்ளிஃபையர்ல இருக்கிற கன்வெர்ட்டர்லதான் ஓடுது. மொதோ மூணு செகண்டுலயே தெரிஞ்சிபோச்சும்மா. வீணையில உயிரே இல்ல.”

சொன்னதோடு நிற்காமல் போட்டும் காட்டினார். வீணை ஒலித்தது. ஏலவார்குழலிக்குக் கேட்டது வீணை. கமலுக்குக் கேட்டதும் வீணை. தட்டையாகிவிட்டது, ஆழம் போய்விட்டது என்று பிரேம்நாத் கண்ணை மூடிக்கொண்டு அஞ்சலி செலுத்தினார். உயிர் போன சேதி அந்த வீணைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருந்தது. அது பாட்டுக்கு நன்றாக வாசித்துக்கொண்டிருந்தது.

“அடுக்கைக் கொஞ்சம் திருப்புறீங்களா? பின்பக்கம் பாக்கணும்.”

பிரேம்நாத்தின் கண் திறந்துகொண்டது. “பின்பக்கத்துல என்ன இருக்குது?”

“தெரியல. அதான் பாக்கணும்.”

சங்கத்தில் இருந்தவரை ஏலவார்குழலி எந்தப் புடவையையும் முன்பக்கத்தில் தொடங்கியதில்லை. நெய்தவன் காட்ட விரும்பியது அங்கே இருக்கும். விட்டுப்போன இழை, ஒட்டுப்போட்ட ஜரிகை, அவசரத்தில் போட்ட முடிச்சு எல்லாம் புரட்டினால்தான் தெரியும். மாப்பிள்ளைகளையும் அவள் அப்படித்தான் பார்க்கிறாள். அதில் மூன்று கல்யாணம் நின்றிருக்கிறது.

பின்பக்கம் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குள் விடுவதே தப்பு என்று பிரேம்நாத் முணுமுணுத்தார். அடுக்குக்குக் குறுக்கே வந்து நின்றார். இது தனியார் வீடு, போலீஸ் வந்தால் போலீஸுக்குக் காட்டுவேன், மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று விசாரிக்கிற பொம்பளைக்கெல்லாம் காட்டமுடியாது என்றார்.

“புகார் எழுதினா போலீஸும் இதத்தான் சார் மொதல்ல பாக்கும்,” என்றான் கமல். “பொட்டி எங்க மாட்டியிருந்துச்சுன்னு. நாங்க பாத்தா ரெண்டு பேர். அவங்க வந்தா தெருவே பாக்கும்.”

தெரு என்ற சொல் வேலை செய்தது. பிரேம்நாத் விலகினார். கமல் அடுக்கை இழுத்துத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.

ஆம்ப்ளிஃபையரின் முதுகில் வரிசை வரிசையாகத் துளைகள். சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாக இருந்தவை அத்தனையிலும், கம்பெனியிலிருந்து வரும்போது போட்டுவிடுகிற சின்ன பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. ஸ்பீக்கர் ஒயர்களையும் கரண்டு ஒயரையும் விட்டால் செருகியிருந்தது ஒன்றே ஒன்று. ஸ்ட்ரீமரிலிருந்து இறங்கி வந்த, ஆரஞ்சு வளையம் போட்ட ஒற்றை ஒயர். அது துளைக்குள் நுழைகிற இடத்தில், பாதி ஒயர்முனையிலும் பாதி ஆம்ப்ளிஃபையரிலுமாக, காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். எங்கும் ஒரு கீறல் இல்லை.

ஏலவார்குழலி அதை ஒரு நிமிடம் பார்த்தாள். விரலை நீட்டவில்லை.

“வீட்டம்மாவைக் கூப்பிடுங்க சார்.”

“அவ எதுக்கு?”

“கூப்பிடுங்க.”

*

கமலவேணி வந்து நிலைப்படியிலேயே நின்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. புருஷனைப் பார்த்த பார்வைக்கும் வந்தவர்களைப் பார்த்த பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கட்சியையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பொட்டு வைத்தது நீங்களா என்று ஏலவார்குழலி கேட்டாள். ஆமாம் என்றாள். எப்போது? ஆயுத பூஜைக்கு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் துடைப்பதற்கும் பொட்டு வைப்பதற்கும் அவளுக்கு இந்த அறைக்குள் அனுமதி. அன்றைக்கு அவர் கடைப் பூஜைக்குப் போயிருந்தார். அதற்கப்புறம் அவள் உள்ளே வந்தது இன்றுதான்.

“எல்லாரும் பொட்டை மூஞ்சியில வெப்பாங்க. நீங்க முதுகுல வெச்சிருக்கீங்களேம்மா,” என்றான் கமல்.

“எங்கப்பா வீட்டுல தறிக்கு அப்படித்தான் வெப்போம். கட்டையும் கட்டையும் எங்க சேருதோ அங்கதான் பொட்டு. சேர்ற எடம் நல்லா இருந்தாத்தான் தறி ஓடும்.” புருஷன் பக்கம் திரும்பாமலே ஒன்று சேர்த்துக்கொண்டாள். “முன்னாடி நடுவுல வெக்கிறது கடைக்காரங்க வழக்கம்.”

ஏலவார்குழலி பிரேம்நாத்திடம் வந்தாள். “நேத்து காலைல இந்த ஒயரை உங்க கையாலயே மாட்டினீங்க, இல்ல சார்?”

“அதான் சொன்னேனே.”

“ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு. இப்ப மாசி மாசம் நடக்குது. ஒயரை உருவியிருந்தாலும் உடைஞ்சிருக்கும், புதுசா செருகியிருந்தாலும் உடைஞ்சிருக்கும். ஒரு கீறல்கூட இல்ல.”

பிரேம்நாத் குனிந்து பார்த்தார். தன்னுடைய ஆம்ப்ளிஃபையரின் முதுகை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை என்பது, தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவர் பட்ட பாட்டிலேயே தெரிந்தது.

மிச்சத்தை கமல் சொன்னான். தனிக் கன்வெர்ட்டர் நடுவில் இருந்திருந்தால், அதிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர் ஆம்ப்ளிஃபையருக்கு வந்திருக்கவேண்டும். அந்தத் துளைகளின் மூடியை யாரும் திறந்ததே இல்லை. ஆனந்தராஜ் முதல் நாளே ஸ்ட்ரீமரை ஆம்ப்ளிஃபையரின் சொந்தக் கன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு, பெட்டியை நடுத் தட்டில் சும்மா உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கரண்டு மட்டும் கொடுத்திருப்பார், முன்னால் விளக்கு எரிவதற்கு.

“அப்ப பத்து மாசமா நீங்க குடிச்சது கல்யாண மண்டபத்துக் காபி சார்,” என்றான். “வீணைக்கு வெள்ளிக்கிழமை ஒண்ணும் ஆகல. அது சித்திரையிலேர்ந்தே இப்படித்தான்.”

நிலைப்படியில் ஒரு மெல்லிய சத்தம். கமலவேணி இருமினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

பிரேம்நாத்தின் முகம் சுவரின் நிறத்துக்கு வந்தது. ஆனால் மூன்று மாடி கட்டிய மனிதர் அவ்வளவு சுலபத்தில் விழுவாரா. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாதிக்கப்பட்டவரின் முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

“சரி. ஆனந்தராஜ் என்னை ஏமாத்திட்டான்னே வெச்சிக்குங்க. அது எனக்கும் அவனுக்கும். ஒயரை மாட்டினேன்னு ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன். இங்க இருந்த பொட்டி இப்ப இல்ல. அதுக்கு என்ன சொல்றீங்க? மாட்டியிருந்தா என்ன, மாட்டாட்டி என்ன? எடுத்துக்கினு போனவன் திருடன்தான்.”

இதில் தப்பில்லை. கமல் ஏலவார்குழலியைப் பார்த்தான். இந்த மாதிரி சமயங்களில் அவனிடம் நகைச்சுவை தீர்ந்துபோகும். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகப் பத்து நிமிடம்.

அவள் செல்போனை எடுத்து, குழுவில் சுற்றிய படத்தைப் பெரிதாக்கி பிரேம்நாத்தின் முன் நீட்டினாள். கதிர்வேல், கேட், துணிப் பை. கழற்றின பழைய ஒயர்ச் சுருள்தான் பையில் இருந்தது என்று கதிர்வேல் சொல்கிறான். பெட்டி இருந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். சரிதானே என்று கேட்டாள். சரிதான் என்றார்.

“பையோட காதை ரெண்டு விரல்ல மாட்டியிருக்கான். அதே கையாலதான் கேட் கொக்கியைத் தூக்கறான். பதினோரு கிலோவை ரெண்டு விரல்ல தொங்கவிட்டுக்கினு எவனாலயாவது அப்படிச் செய்ய முடியுமா சார்?”

“அதெல்லாம் பெரிய கனம் இல்லம்மா,” என்றார் பிரேம்நாத் அலுத்துக்கொண்டு. “ஸ்கூல் பசங்க டிபன் பாக்ஸ் அளவுகூட இருக்காது. ரெண்டு விரல் என்ன, ஒரு வி...”

நிறுத்தினார். வீணையை யாரும் அணைத்திருக்கவில்லை. அது நிற்காமல் வாசித்தது.

“இறக்கிவைக்க ரெண்டு ஆள் வந்தாங்கன்னீங்க,” என்றாள் ஏலவார்குழலி.

“அது... ஆனந்தராஜ் சொன்னது.”

“ஆனந்தராஜ் சொன்னது பதினோரு கிலோ. டிபன் பாக்ஸ் நீங்க சொன்னது. தூக்கிப் பாத்தவங்கதான் அப்படிச் சொல்லமுடியும். பத்து மாசமா தொடாத பொட்டிய எப்ப தூக்கினீங்க?”

பிரேம்நாத் பதில் சொல்வதற்குள் நிலைப்படி காலியாகிவிட்டது. உள்ளே எங்கோ ஒரு பீரோ திறந்து மூடுகிற ஓசை. கமலவேணி திரும்பி வந்தபோது, அவர்களுடைய கடைப் பையில் சுற்றிய ஒரு பெட்டி, விரித்த உள்ளங்கையில் தாம்பூலத் தட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்றக் கையால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

“என் கூறைப்புடவைக்குப் பின்னாடி இருந்தது,” என்றாள். “புதன்கிழமையே பார்த்தேன். பதினோரு கிலோ மெஷின் காணோம்னு இவரு சொன்னாரு. இது காலி டப்பா கனம்கூட இல்ல. அந்த மெஷின் இதுதான்னு நான் எப்படி நெனப்பேன்?”

நடுத் தட்டில் வைத்தாள். கமல் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாலு திருகாணி, மூடி வந்துவிட்டது. உள்ளே ஒரு மூலையில் செல்போன் சார்ஜரின் பச்சைத் தகடு, அதிலிருந்து இரண்டு நூல் ஒயர், முன்பக்கம் ஒரு நீல பல்பு. மற்றதெல்லாம் வெற்றிடம்.

“சார்ஜர் நம்ம ஊர்ச் சரக்குதான் அக்கா,” என்றான். “மிச்சம் இருக்கிற காத்து ஜெர்மனிதா இருக்கலாம்.”

*

பிரேம்நாத் சொன்னதில் மன்னிப்புக் கேட்கிற தொனி கடைசிவரை இல்லை. புதன்கிழமையன்று, ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற விருந்தாளிகளுக்காகப் பெட்டியைத் துடைக்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கைவைத்திருக்கிறார். பதினோரு கிலோவுக்குத் தயாராகத் தூக்கியதில் பெட்டி மேல் தட்டில் போய் இடித்திருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறார். ஆனந்தராஜுக்கு அன்று முதல் போட்ட போன் ஒன்றுகூடப் போகவில்லை. பன்னிரண்டு பேர் வந்து, பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் கேட்டு, முதுகைத் திருப்பிப் பார்த்தால், பத்து மாதமாக இந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கு அவர் எடுத்த பாடம் என்னாவது? மறுநாள் ஒயர் மாற்ற ஒருவன் வந்தான்.

“திருட்டுப்போச்சுன்னா நாலு பேர் பாவம்னுவாங்க. உள்ள ஒண்ணுமில்லைன்னா சிரிப்பாங்க,” என்றார். பிறகு, ஏன் இதைப் பெரிதாக்குகிறீர்கள் என்கிற எரிச்சலோடு, “ஒயர் மாட்டுறவனுக்கு என்னம்மா போச்சு? நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க,” என்றார்.

ஏலவார்குழலி கமலைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் போய் கதிர்வேலை அழைத்து வந்தான். பட்டுச் சுவரும் கருங்கல் அடுக்கும் கதிர்வேலின் கண்ணில் படவே இல்லை. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான், அதற்குள்ளே பார்த்தான், அப்புறம் பிரேம்நாத்தைப் பார்த்தான். அவர் சொன்னதை கமல் வழியிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

“இன்னா போச்சுன்னு கேட்டீங்களாமே சார்,” என்றான். குரல் உயரவில்லை. “நேத்து ஒரு வீட்டுல பாதி வேலையில எறங்கச் சொன்னாங்க. ஏணிய நான் மடிக்கச் சொல்லோ அந்தம்மா ஸ்பூன் எண்ணிக்கினு இருந்துச்சி. என் கண்ணு முன்னாடியே. இருவது வருசமா ஊர்ல இருக்கிற வீட்டுக்குள்ள எல்லாம் போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். ஒரு வீட்லயும் எனக்காக எவரும் எதையும் எண்ணினது இல்ல.”

பிரேம்நாத் செல்போனை எடுத்தார். முடித்துவிடுகிற அவசரம். குழுவில் போடுவதற்காக மளமளவென்று எழுதி, பெருந்தன்மையோடு காட்டினார். பெட்டி வேறிடத்தில் கிடைத்துவிட்டது, இடையூறுக்கு வருந்துகிறேன் என்று இருந்தது.

“இதுல என் பேரு எங்க?” என்றான் கதிர்வேல். “திருடன்னு போடச்சொல்லோ பேரு, மூஞ்சி, நம்பரு மூணும் இருந்துதே. எழுத வேணாம் சார். உங்க வாயால சொல்லுங்க. வாய்ஸ்ல.”

மாட்டேன் என்றார். காந்தி ரோட்டில் தலைநிமிர்ந்து நடக்கவேண்டாமா என்றார். ஏலவார்குழலி பொட்டையும் மூடிகளையும் திறந்த பெட்டியையும் படம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் கதவைத் தட்டுவது மாதிரி ஒரு க்ளிக். மூன்றாவது க்ளிக்கில் பிரேம்நாத் மைக் பொத்தானை அழுத்தினார்.

‘ரசிகப் பெருமக்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கிய முதல் பதிவை கதிர்வேல் அழிக்கச்சொன்னான். ‘ஒரு சிறு குழப்பத்தின் காரணமாக’ என்று தொடங்கிய இரண்டாவதையும். மூன்றாவதில் ஆனந்தராஜ்தான் கதாநாயகன். இந்தச் சமயத்தில் கமலவேணி வந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதற்கு வசதியாகச் சாய்ந்துகொண்டாள். நாலாவது பதிவு பதினாறு விநாடி.

“பிரேம்நாத் பேசறேன். பொட்டிய கதிர்வேல் எடுக்கல. நான்தான் என் வீட்டு பீரோவுல ஒளிச்சி வெச்சேன். ஆனந்தராஜ் குடுத்த பொட்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல. அது வெளிய தெரியக்கூடாதுன்னு கதிர்வேல் மேல பழி போட்டேன்.”

இடத்தின் மகிமையோ என்னவோ, நாற்காலியில் இருந்தவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாகக் கேட்டிருக்கவேண்டும். கண்ணை மூடியிருந்தாள்.

*

நாலு நாற்பது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று பேரும் பிரேம்நாத்தின் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதிவை அவர் அழித்துவிடக்கூடாது என்று ஏலவார்குழலி அதைக் கையோடு வாங்கி வந்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் பதிவைக் கேட்டவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நூறு தாண்டிற்று. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கும்பிடு பொம்மைகூட வரவில்லை. ஆனந்தராஜின் எண்ணை ஏலவார்குழலி தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தாள், அணைந்திருந்தது. அவரைப் பிடிப்பது தனி வேலை.

“எல்லாரும் கேக்கறாங்க. ஆனா எவனும் வாயத் தொறக்கல,” என்றான் கதிர்வேல். “நம்பலியா?”

அவன் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். புவனேஸ்வரியின் பாவு நூலைத் திருப்பி வாங்கிக்கொண்ட முதலாளி. குளியலறைக்குள் இருந்து பேசுகிறார் போல. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே குசுகுசுத்தார். கதிர்வேல் என்று கூப்பிடாமல் தம்பி என்று கூப்பிட்டார்.

“நம்ம வீட்லயும் ஆனந்தராஜ் வெச்ச பொட்டி ஒண்ணு இருக்குதுப்பா. யாருக்கும் தெரியாம ஒரு நடை வந்து, பின்பக்கம் எங்க மாட்டியிருக்குதுன்னு பாத்துட்டுப் போறியா?”

கதிர்வேல் பதில் சொல்வதற்குள் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அது ஓய்வதற்குள் மூன்றாவது. எல்லாம் குழுவில் இருக்கிற பெயர்கள்.

“சிஷ்யப் புள்ளைங்க வரிசையில நிக்கிறாங்க அக்கா,” என்றான் கமல் மெதுவாக.

“வரேன் மொதலாளி,” என்றான் கதிர்வேல் போனில். “ஆனா யாருக்கும் தெரியாம நான் எந்த வீட்டுக்குள்ளயும் வரமாட்டேன். கதிர்வேலை நான் வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்கேன்னு குரூப்புல நீங்க எழுதுங்க. அதப் படிச்சிட்டு வண்டிய எடுக்கறேன்.”

எதிர்முனையில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது, போன் துண்டிக்கப்பட்டது. மற்ற இரண்டு பேருக்கும் அவன் அதையேதான் சொன்னான், ஒரு சொல்கூட மாற்றாமல்.

குழுவில் முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில் ‘எழுதுகிறார்’ என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. ஒரு பட்டுப்புடவைக்கு விலை சொல்வதற்குக்கூட அவர் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டவரில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு அது வந்து விழுந்தது.

‘கதிர்வேல், நாளை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வேலைக்கு வரவும்.’

கதிர்வேல் இரண்டு தடவை படித்தான். அடுத்தவர் எழுத ஆரம்பிப்பதற்குக் காத்திருக்கவில்லை. அந்த வரியை அப்படியே தன் போனில் படமெடுத்து புவனேஸ்வரிக்கு அனுப்பினான்.